1,100 ஆகிப்போன இரண்டு எண்கள்: லிப்ரே ஆபீஸ் மேத்தோடு ஆறு வருடம்

பெரம்பூரில் வீட்டு மாடியில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஞாயிறு தவறாமல் டெஸ்ட் உண்டு. கேள்வித்தாளை நானே லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் ரைட்டரில் அடித்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுப்பேன். சமன்பாடுகளுக்கு அதிலேயே இருக்கும் மேத். ஆறு வருடமாக இதுதான் நடைமுறை.

முதல் வருடம் இடைவெளியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. “1, 100 ஆகியவற்றை மூலங்களாகக் கொண்ட இருபடிச் சமன்பாட்டைக் காண்க” என்று ஒரு கேள்வி. எழுத்துரு ஒரே மாதிரி இருக்கட்டுமே என்று அந்த இரண்டு எண்களையும் சமன்பாட்டுப் பெட்டிக்குள் அடித்துவிட்டேன். ஒரு பையன் கையைத் தூக்கி, “சார், ஒரு மூலம்தான் கொடுத்திருக்கீங்க, ஆயிரத்து நூறு. இன்னொண்ணு எங்க?” என்றான். தாளை வாங்கிப் பார்த்தால் 1,100 என்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவன் மேல் தப்பே இல்லை.

மேத்தில் ஸ்பேஸ் பாரை எத்தனை முறை தட்டினாலும் அச்சில் ஒன்றும் வராது. சமன்பாட்டை உருவாக்க நாம் எழுத்தாகத் தட்டும் ஆணைகளைப் பிரித்துக் காட்டத்தான் அது. கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வேண்டுமானால் எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் விசைதான் கதி. சும்மா தட்டினால் வரும் ` குறி பொடி இடைவெளி தரும், ஷிப்டோடு தட்டினால் வரும் ~ குறி பெரியது தரும். காற்புள்ளிக்குப் பின்னால் ஒரு ` போட்டதும் 1, 100 பிரிந்துவிட்டது. தொகையீட்டில் டிஎக்ஸுக்கு முன்னால் ஒரு ` போடுவது இப்போது கை தானாகச் செய்யும் வேலை. (வெள்ளெழுத்துக் கண்ணுக்கு இரண்டு குறியும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ஜூமை 150-இல் வைத்துக்கொள்கிறேன்.) தமிழ்ச் சொல்லை மேற்கோள் குறிக்குள் அடித்தால், உள்ளே விட்ட இடம் அப்படியே நிற்கும். “எனில்” போடும்போது அது உதவும்.

ஃபார்மட் மெனுவில் ஸ்பேசிங் என்று ஒரு பெட்டி உண்டு. எல்லாம் சதவீதக் கணக்கு. ஆரம்பத்தில் அதில் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு சனிக்கிழமை ராத்திரியைத் தொலைத்தேன். பொது இடைவெளி 10 சதவீதம் என்று வருவதை அப்படியே விட்டுவிடலாம். உண்மையில் கை வைக்க வேண்டியது அணிகளில்தான். நிரைகளுக்கு நடுவே 3 சதவீதம், நிரல்களுக்கு நடுவே 30 என்று வரும். முழு எண்கள் மட்டும் இருந்தால் சரி. அணிக்கோவைக்குள் பின்னங்களைப் போட்டால், மேல் வரிசையின் பகுதி கீழ் வரிசையின் தொகுதி மேல் ஏறி உட்கார்ந்துவிடும். நான் 3-ஐ 25 ஆக்கினேன். பிள்ளைகள் பின்னத்தைத் தவறாகப் பெயர்த்தெழுதுவது கண்கூடாகக் குறைந்தது.

சமன்பாட்டுக்கு வெளியே உள்ள இடைவெளி வேறு கதை. “= 0” முடிந்து “என்ற” தொடங்கும் இடத்தில் எழுத்து முட்டினால் பெட்டிக்குள் எதை மாற்றியும் பலன் இல்லை. எஃப்11 தட்டி, ஃபிரேம் ஸ்டைல்களில் ஃபார்முலாவைத் திருத்தி, ராப் பக்கத்தில் இடது, வலது அளவுகளைக் கூட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. வெட்கம்தான்.

வரி இடைவெளியை ‘ஃபிக்ஸ்ட்’ என்று வைக்காதீர்கள். பின்னத்தின் தலை வெட்டுப்படும்.

திருவல்லிக்கேணியில் டிடிபி வேலை பார்க்கும் என் மச்சான் வேர்டை விட்டு அசைய மாட்டார். வரிவரியாகப் போகும் தீர்வில் சமக்குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துவது வேர்டில் சுலபம், ஒத்துக்கொள்கிறேன். மேத்தில் அதற்கு மூன்று நிரல் அணி ஒன்றைப் போட்டு, சமக்குறிக்கு இருபுறமும் வெற்று {} வைத்து ஏமாற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் ஆணைகளை எழுத்தாகவே தட்டிப் பழகிய கைக்கு மவுஸைத் தேடிப் போகப் பிடிக்கவில்லை. கடைக்கு மட்டும் எப்போதும் பிடிஎஃப்தான் கொண்டுபோவேன். ஒருமுறை வேர்டு கோப்பாக மாற்றி எடுத்துப்போய், பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளியெல்லாம் அங்கே கலைந்துபோனது.

ஒரு குறை மிச்சம். ஸ்பேசிங் பெட்டியில் ‘டிஃபால்ட்’ பொத்தானை அழுத்தினால் இனி போடும் சமன்பாடுகளுக்குத்தான் அது செல்லும். பழைய கேள்வி வங்கியை ஒவ்வொன்றாகத் திறந்துதான் திருத்த வேண்டும். போன வாரம் அணிகள் முடிந்தன. தொகையீட்டை இன்னும் தொடவில்லை.