பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால்: எம்பஃப் கணக்கு காட்டுறதுக்கே காசு குடுக்கலாம், ஆனா ஃப்ரீ

தம்பு செட்டி தெருவுல ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸுக்கு நெட்வொர்க் பாத்துக்குறேன், நாலு இன்டெல் போர்ட் இருக்குற குட்டி பாக்ஸ்ல பிஎஃப்சென்ஸ் போட்டு ஓட்டிட்டிருக்கோம். ஃபயர்வால், விபிஎன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அத எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. டேஷ்போர்டுல எம்பஃப் யூசேஜ்னு (பாக்கெட் வைக்குற மெமரி எவ்ளோ போச்சுன்னு) ஒரு கோடு வரும்ல, அத பத்தி தான் யாரும் பேச மாட்றாங்க.

இதுக்கு அடியில ஓடுறது ஃப்ரீபிஎஸ்டிங்குற ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதோட கெர்னல், அதாவது நடு மையம், உள்ள வர்ற, வெளிய போற ஒவ்வொரு பாக்கெட்டையும் எம்பஃப்ங்குற 256 பைட் துண்டுல வைக்கும், பாக்கெட் பெருசுன்னா 2 கேபி கிளஸ்டர் ஒண்ண சேத்துக்கும். 1983ல வந்த, இதோட மூதாதையான 4.2பிஎஸ்டி காலத்து ஏற்பாடு இது, சைஸ் மாறினாலும் அடிப்படை இன்னும் அதே தான். இந்த கிளஸ்டருக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அது தீந்துச்சுன்னா சிபியூ சும்மா கெடக்கும், ரேம் காலியா இருக்கும், ஆனா நெட் மட்டும் செத்துடும், பிங் கூட போகாது, கன்சோல்ல கீபோர்டு மாட்டினா மட்டும் பாக்ஸ் பதில் சொல்லும். கட்-ஆஃப் நேரத்துல ஷிப்பிங் பில் ஏத்திட்டிருக்கும்போது இப்படி ஆச்சுன்னா ஓனர் மூஞ்சிய பாக்க முடியாது.

டேஷ்போர்டு காட்டுற பர்சன்டேஜ மட்டும் பாத்து பயப்படாதீங்க. அது டோட்டல வச்சு போடுற கணக்கு, அதுல இப்ப உபயோகத்துல இருக்குறதோட (இதுக்கு பேரு கரன்ட்) கேஷும் சேந்து வரும். கேஷ்னா தண்ணி லாரி வர்றதுக்கு முன்னாடியே வரிசையில போட்டு வச்ச காலி குடம் மாதிரி, கைக்கு ரெடி, ஆனா இன்னும் யாரும் ரொப்பல. உண்மை தெரியணும்னா டயக்னாஸ்டிக்ஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் போய் நெட்ஸ்டாட் -எம் அடிங்க, கரன்ட், கேஷ், டோட்டல், மேக்ஸ்னு தனித்தனியா புட்டு வைக்கும். அதுலயும் நான் மொதல்ல பாக்குறது டினைட் லைன் தான். அங்க 0/0/0 இருந்தா போய் டீ குடிக்கலாம். நம்பர் ஏறுதுன்னா கெர்னல் கேட்ட எடத்துல பஃபர் கெடைக்கலன்னு அர்த்தம், லாக்லயும் லிமிட் ரீச்டுன்னு வந்து நிக்கும்.

சும்மா இருக்கும்போதே ஏன் இவ்ளோ காட்டுதுன்னு கேப்பாங்க. நெட்வொர்க் கார்டு ஒவ்வொரு ரிசீவ் கியூவுக்கும் (வர்ற பாக்கெட் நிக்குற வரிசை) முன்கூட்டியே கிளஸ்டர் நிரப்பி வச்சுக்கும். கியூவுக்கு 1024னு வச்சுக்கங்க, 4 கியூ, 4 போர்ட், அதுலயே 16384 போச்சு, ஆனா மெமரில பாத்தா 32 எம்பி தான். அதனால ஏறி நிக்குறது பிரச்சன இல்ல, டிராஃபிக் கொறைஞ்சும் கரன்ட் கொறையாம நாளுக்கு நாள் ஏறிட்டே போனா தான் டிரைவர்ல எங்கயோ லீக், அதாவது எடுத்த பஃபர திருப்பி தரலன்னு சந்தேகப்படணும். அதுக்கு மானிட்டரிங் பக்கத்துல எம்பஃப் கிராஃப் இருக்கு, ரொம்ப உபயோகம்.

லிமிட்ட ஏத்த கெர்ன்.ஐபிசி.என்எம்பிகிளஸ்டர்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு. பத்து லட்சம் வைன்னு கண்ண மூடிட்டு சொல்றாங்க, வைக்கலாம், உடனே ஒண்ணும் தின்னுடாது, அது வரம்பு தான். ஆனா நெஜமாவே ரொம்புச்சுன்னா கிளஸ்டர் மட்டுமே 2 ஜிபி கிட்ட ஆகும், 2 ஜிபி பாக்ஸ் வச்சிருக்குறவங்க இந்த வேலைய பண்ணாதீங்க. லீக் இருந்தா லிமிட்ட ஏத்துறது சாகுற நாள தள்ளிப்போடுறது தான், வேற ஒண்ணும் இல்ல.

லினக்ஸ் ரவுட்டர்ல இதே விஷயத்த பாக்க ஸ்லாப்டாப் கமாண்ட்ல எஸ்கேபஃப் (லினக்ஸோட எம்பஃப் மாதிரி) தேடு, சாக்கெட்டுக்கு எஸ்எஸ் -எம் அடின்னு நாலு எடம் அலையணும். இங்க ஒரே கமாண்ட், அதுக்காகவே எனக்கு புடிச்சிருக்கு.

மண்ணடி, ராயபுரம் பக்கம் பாக்ஸ் விக்கிறவங்க சில பேர் நெட் நின்னா ரேம் பத்தல, புதுசு வாங்குன்னு தான் ஆரம்பிப்பாங்க, காச எடுக்குறதுக்கு முன்னாடி அந்த டினைட் லைன அவங்க கண்ணு முன்னாடியே அடிச்சு காட்டுங்க. 5க்கு 4 குடுக்குறேன், டேஷ்போர்டுலயே கரன்ட்டையும் டினைடையும் காட்டியிருந்தா முழுசா குடுத்திருப்பேன்.