சில்வர் குளோரைடு செல்: போட்டுல கரண்ட் லீக் கண்டுபிடிக்க வாங்கினது, 5க்கு 4

எங்களுது தூத்துக்குடியில மரப் போட்டு, 24 வோல்ட் வயரிங். போன தடைக்காலத்துல கரையேத்தினப்போ இன்ஜினுக்குக் கடல்தண்ணி எடுக்குற வால்வைப் புதுசா போட்டோம், அஞ்சாவது மாசமே கசிவு. திரும்ப ஏத்திப் பார்த்தா வெளிப்பக்கம் புழு அரிச்ச மாதிரி பளிச் பளிச்சுனு குழி. ஆனா பக்கத்துலயே இருக்கற காத்தாடிக்கு (போட்டைத் தள்ளுற புரொப்பல்லர்) ஒரு கீறல் கூட இல்ல. பித்தளை ரோஸ் கலருக்கு மாறி உதிர்ந்தா அது துத்தநாகம் வெளியேறுற வியாதி, அது வருஷக்கணக்குல மெதுவா வரும். இது அது இல்லன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது.

வயரிங் பாத்தவரு "உப்புத்தண்ணின்னா அப்படித்தான், இன்னும் ரெண்டு ஜிங்க் பிளேட் அடிங்க"ன்னுட்டாரு (மத்த உலோகத்துக்குப் பதிலா தான் கரையுற துத்தநாகத் தகடு அது). அடிச்சிருந்தா வேற வம்பு வந்திருக்கும், மரப் போட்டுல ஜிங்க் ஓவரானா போல்ட்டைச் சுத்தி வெள்ளைப் பொடி பூத்து மரம் நாரு நாரா போயிடும்.

அதுக்கப்புறம்தான் வால்வு மூணாவது தடவை மாத்தின கையோட இந்த செல்லை ஆன்லைன்ல வாங்கினேன், தண்ணிக்குள்ள இருக்கற உலோகத்தோட வோல்ட்டை இதோட ஒப்பிட்டு அளக்கலாம். பேனா சைஸ்ல ஒரு குழாய், ஒரு வயர், அவ்வளவுதான். மல்டிமீட்டரோட கருப்பு வயரை இதுல மாட்டி கடல்ல தொங்கவிடணும், சிவப்பை எந்த இரும்பு பித்தளையைச் சந்தேகப்படுறோமோ அதுல, போட்டுக்குள்ள இருந்தே, தொடணும், டிசி வோல்ட்ல வச்சுப் படிக்கணும்.

வெண்கலம் பித்தளை தனியா இருந்தா மைனஸ் 0.3 பக்கம் காட்டும், இரும்புன்னா 0.6, ஜிங்க் 1 வோல்ட்டைத் தாண்டும், எல்லாமே மைனஸ்ல. எங்க வால்வு காட்டினது பிளஸ் 0.11! அதாவது அதுல இருந்து கரண்ட் தண்ணிக்குள்ள ஓடுது, எங்கே வெளியேறுதோ அங்கதான் உலோகம் கரையும், காத்தாடி வழியா திரும்பி உள்ள வர்றதால அது தப்பிச்சுக்குது.

சரின்னு மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணேன், நம்பர் அசையல. கொஞ்ச நேரம் மண்டை காஞ்சுது. அப்புறம் பேட்டரி டெர்மினலையே கழட்டினதும் மைனஸ் 0.27க்கு இறங்கிடுச்சு. அப்போ சுவிட்சுக்கு முன்னாடியே எடுத்த லைன்லதான் கோளாறு, எங்க போட்டுல அப்படி இருக்கறது போட்டு அடியில சேருற தண்ணியை இறைக்கிற ஆட்டோ பம்பு ஒண்ணுதான். தண்ணி ஏறினா மிதந்து பம்பை ஓடவைக்கிற ஃப்ளோட் சுவிட்ச்சோட வயர் ஜாயிண்ட் சாதா டேப் சுத்தி தண்ணிக்குள்ளயே ஊறிக்கிடக்கு! மீட்டரை சீரிஸ்ல போட்டா 180 மில்லி ஆம்பியர் (முதல்ல 10 ஆம்பியர் ஓட்டையில மாட்டுங்க, நான் நேரா மில்லி ஆம்பியர்ல மாட்டி ஒரு ஃபியூஸை ஊதினேன்). ஒரு ஆம்பியர் ஒரு வருஷம் விடாம ஓடினா 9 கிலோ இரும்பு காலியாகும்னு கணக்கு, 180 மில்லிக்கு ஒரு வால்வு எம்மாத்திரம்.

ஜாயிண்டை மேல தூக்கி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி இறுகுற குழாய்) போட்டு, லைன்ல ஃபியூஸும் வச்சாச்சு. இப்போ மாசம் ஒருக்கா தொங்கவிட்டுப் பார்க்கறேன், வால்வு மைனஸ் 0.28லயே நிக்குது.

இனி குறை. வயர் ரொம்பக் குட்டை, பின்பக்கத்துல தொங்கவிட்டா இன்ஜின் ரூம் வரைக்கும் எட்டல, நானே நீட்டிக்கிட்டேன். கூட வந்த கிளிப் ரெண்டு தடவையிலயே துரு, துரு கேஸ் பிடிக்கற சாமானுக்கே துரு புடிச்சா என்ன சொல்ல. எப்படி யூஸ் பண்றதுன்னு ஒரு தாளு கூட இல்ல. போட்ட உடனே படிக்காதீங்க, கடல்தண்ணியில கொஞ்ச நேரம் ஊறட்டும். புன்னக்காயல் மாதிரி ஆத்துத்தண்ணி கலக்குற இடத்துல உப்பு மாறுறதால நம்பரும் மாறும், அங்க எடுத்ததையும் துறைமுகத்துல எடுத்ததையும் ஒப்பிட்டுப் பயந்துக்காதீங்க. ஒரு ஸ்டார் குறைச்சது அந்த கிளிப்புக்காகத்தான்.