மணிக்கு வாங்கிய அரை யூனிட் சிரிஞ்ச்

எங்கள் மணிக்கு 11 வயது. கருத்தடை செய்த ஆண் பூனை, 6 கிலோவுக்கு மேல் எடை. போன மார்கழியில் அவன் மண் தட்டைச் சுற்றி எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு நாளில் இரண்டு முறை காலி செய்தான். பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி நடந்தான். எறும்பைப் பார்த்ததுமே அம்மா சொல்லிவிட்டார், "இது சுகருடி" என்று. அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து அதையே சொன்னார். மனிதர்களுக்கான கிளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 யூனிட் என்று எழுதிக் கொடுத்தார்.

1 யூனிட் என்றால் எவ்வளவு என்று கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த இன்சுலினில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஆக ஒரு யூனிட் என்பது ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு, ஊசி முனையில் நிற்கும் சின்னத் துளி. முதலில் வாங்கிய 1 மில்லி சிரிஞ்சில் இரண்டு யூனிட்டுக்கு ஒரு கோடுதான் இருந்தது. முதல் கோட்டுக்குப் பாதி என்று கண்ணால் அளந்து நான்கு நாள் போட்டேன். கை நடுங்கியது. நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் ஒரே அளவுதானா என்று எனக்கே தெரியாதபோது, சுகர் ஏறியது இறங்கியதற்கு என்ன காரணம் சொல்வது?

அப்புறம்தான் இணையத்தில் தேடி இந்த 0.3 மில்லி சிரிஞ்சை வாங்கினேன். குழாய் ஒல்லி, அதனால் கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, அரை யூனிட்டுக்கு ஒரு கோடு. ஊசி 31 கேஜ், மயிரிழை போல. கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் போலத் தூக்கிக் குத்தினால் மணி சாப்பாட்டிலிருந்து தலையைக்கூட எடுப்பதில்லை. விலை கூடுதல்தான், ஆனாலும் எட்டு மாதமாக வேறு எதையும் வாங்கவில்லை.

வாங்குகிறவர்கள் மூடியின் நிறத்தை அவசியம் பாருங்கள். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் விற்கிறது, 100 யூனிட் உள்ளதும் விற்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதுக்கு ஆரஞ்சு மூடி. ஒரு முறை இது தீர்ந்துபோய் அவசரத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். அங்கிருந்த தம்பி, "எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்று சிவப்பு மூடியைக் கொடுத்தார். அம்மா போட்டுக்கொள்வது 40 யூனிட் மருந்து, அவர் டப்பாவில் இருப்பதும் சிவப்பு மூடி, அதனால் வீட்டுக்கு வந்ததும் கண்டுபிடித்தேன். அதில் 1 யூனிட் கோடு வரை மணியின் மருந்தை எடுத்திருந்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். இப்போது ஃபிரிட்ஜில் அம்மாவுக்குத் தனித் தட்டு, மணிக்குத் தனித் தட்டு.

அளவை மாற்றும்போதுதான் அந்த அரைக் கோட்டின் அருமை புரிந்தது. ஒரு வாரம் கழித்து, காது ஓரத்தில் குத்தி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, 12 மணி நேரம் சுகர் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பயத்திலேயே பூனைக்குச் சுகர் ஏறிவிடும், அதனால் வீட்டிலேயே பார்க்கச் சொன்னார் டாக்டர். ஊசிக்கு முன் 380, மிகக் குறைந்தது 265. ஒன்றரை யூனிட் ஆக்கினார். அடுத்த வாரம் குறைந்தது 198; இரண்டு ஆக்கினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரமாவது காத்திருந்தோம். நடுவில் நான் கேட்டதற்கு, "ரெண்டு நாள் நம்பரைப் பார்த்துட்டு கூட்டக் கூடாதும்மா" என்றார்.

அப்போதுதான் உலர் தீவனத்தை நிறுத்தி ஈர உணவுக்கு மாற்றினேன். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். அதை டாக்டரிடம் சொல்லாமல் செய்தது என் தவறு. நான்காம் நாள் இரவு 11 மணிக்கு மணி தள்ளாடிக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்தான். மீட்டரில் 46. அம்மாவின் மீட்டர் அது. மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்தே காட்டும் என்று தெரியும். ஆனால் தள்ளாடுகிறவனை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்க முடியுமா? ஈறில் தேன் தடவினேன், கொஞ்சம் தெளிந்ததும் சாப்பாடு கொடுத்தேன், டாக்டருக்குப் போன் செய்தேன். காலை ஊசி வேண்டாம், அடுத்ததிலிருந்து 1 யூனிட் என்றார். மருந்தைக் கூட்டத்தான் பொறுமை வேண்டும், குறைப்பதென்றால் அன்றைக்கே குறைக்க வேண்டும் என்று அன்று விளங்கியது. ஆடியிலிருந்து அரை யூனிட். முதல் கோடு, அவ்வளவுதான்.



குறைகளும் உண்டு. காற்றுக்குமிழி சின்னதாக இருந்தாலும் இவ்வளவு சின்ன அளவில் அது பெரிய பங்கைத் தின்றுவிடும். ஐந்து யூனிட் போல இழுத்து, சுண்டி, குமிழியைப் பாட்டிலுக்குள்ளேயே தள்ளி, பிறகு கோட்டுக்கு வருகிறேன். மருந்தைக் குலுக்கக் கூடாது என்பதால் இதை மெதுவாகத்தான் செய்ய வேண்டும். எண்கள் பொடி எழுத்து. அம்மாவின் பூதக்கண்ணாடி இல்லாமல் எனக்கு ஆவதில்லை. கால் யூனிட்டுக்குக் கோடு கிடையாது. ஒரு முறை குத்தினாலே முனை மழுங்குகிறது, அதனால் மாதம் 60 சிரிஞ்ச் வேண்டும், ஆறு பாக்கெட். ஊர்க் கடைகளில் நான் கேட்ட மூன்று இடத்திலும் இல்லை. தீர்வதற்குப் பத்து நாள் முன்பே ஆர்டர் போட்டுவிடுகிறேன்.