ஆசான் பட்டறையில் என் ஸ்விஃப்டுக்கு ஒரு தகர மூக்கு

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் ஒரு தகரப் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஆசான் பட்டறை என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கோழிப்பண்ணைக்குத் தீவனத் தொட்டி, ரைஸ் மில்லுக்குப் புனல், டெம்போவுக்கு மட்கார்டு என்று தகட்டில் என்ன கேட்டாலும் செய்து கொடுக்கிறவர். போன ஏப்ரலில் என் காருக்கு அவரிடம் ஒரு ராம் ஏர் இன்டேக், அதாவது எதிர்க்காற்றைப் பிடித்து எஞ்சினுக்குக் கொண்டுபோகிற தகர மூக்கு, செய்து வாங்கினேன். ஆறு மாதம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன். நடுவில் ஒரு முழு இடவப்பாதி மழையும் ஆடிக்காற்றும் பார்த்தாயிற்று.

எனக்கு ஏ.சி. மெக்கானிக் வேலை. ஒரு நாள் பாலக்காடு, மறுநாள் கோவை என்று மாதம் 2,500 கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம். வண்டி 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1197 சி.சி., 84 குதிரைத்திறன்.

முதலில் இந்த வேலை எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கோவையில் ஒரு ஆக்சசரி கடையில் கோன் ஃபில்டர், அதாவது கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், மாட்டினேன். கம்பெனி ஃபில்டர் பாக்ஸையும், அதிலிருந்து கிரில் வரைக்கும் நீளும் பிளாஸ்டிக் மூக்கையும் கழற்றினார்கள். கழற்றும்போது பாக்ஸின் காது இரண்டும் உடைந்தன, மூக்கைக் காணவே காணோம். பவர் ஏறும் என்றார்கள். ஏறியது சத்தம்தான். கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டரைக் கடந்து வரும் அனல்தான் அதற்குக் கிடைக்கிற காற்று. வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் அளவுகளைப் படிக்கிற ஓ.பி.டி. ரீடர் செருகிப் பார்த்தேன். வெளியே 36 டிகிரி இருந்த ஒரு மதியம், உக்கடம் சிக்னலில் நிற்கும்போது இன்டேக் காற்று 68 டிகிரி. ஹைவேயில் ஓடும்போதும் 52-க்குக் கீழே இறங்கவில்லை. காற்று இப்படிச் சுட்டால் நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) வராமலிருக்க எஞ்சின் கம்ப்யூட்டரான இ.சி.யு. இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிவிடும், இழுவை குறையும். கஞ்சிக்கோட்டில் லாரியைத் தாண்டலாம் என்று மிதித்தால் வண்டி யோசித்துத்தான் கிளம்பும்.

உக்கடத்துப் பழைய பாகக் கடைகளில் அலைந்து ஃபில்டர் பாக்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன். மூக்கு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. சரி, செய்துகொள்வதுதான் செய்கிறோம், எதிர்க்காற்றை நேரே வாங்கிக்கொள்கிற மாதிரியே செய்வோம் என்று தோன்றியது. அதுதான் ராம் ஏர். வண்டி ஓடும்போது முன்னால் மோதுகிற காற்றின் அழுத்தத்தை அப்படியே எஞ்சினுக்கு ஊட்டுவது.

இதைப் பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 மாடல் கவாசாகி நிஞ்ஜா இசட்எக்ஸ்-10ஆர் பைக்குக்கு 203 குதிரை என்றும், ராம் ஏரோடு சேர்த்தால் 213 என்றும் கம்பெனியே இரண்டு எண் கொடுத்தது. ஆனால் அது 300 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிற வண்டி. மோதும் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 300-இல் கிடைப்பது வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 4 சதவீதம். 100-இல் கிடைப்பது அதில் ஒன்பதில் ஒரு பங்கு, அரை சதவீதம்கூட முழுசாக வராது. என் வண்டியின் 84 குதிரையில் அது அரைக் குதிரைக்கும் குறைவு, அதுவும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான். ஆகவே பவருக்காக நான் போகவில்லை. குளிர்ந்த காற்று வேண்டும், கூட எது கிடைத்தாலும் லாபம். இந்த மனக்கணக்கோடுதான் பட்டறைக்குப் போனேன்.

கையோடு இரண்டு பொருள் கொண்டுபோயிருந்தேன். கிச்சன் சிம்னிக்குப் போடுகிற சுருக்கமுள்ள அலுமினியக் குழாய் ஒரு மீட்டர், அப்புறம் 75 மி.மீ. பி.வி.சி. பைப் ஒரு துண்டு. ஆசான் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தார். சுருக்கக் குழாயை விரலால் தடவி, "தம்பி, இதுக்குள்ள காத்து தடுக்கித் தடுக்கித்தான் போகும். அதிர்ச்சில ஒரு மாசத்துல கிழியும்" என்றார். பி.வி.சி. எஞ்சின் சூட்டில் இளகி வாய் கோணும் என்றார். இரண்டும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். கையில் இருக்கிறதே என்று எடுத்துப் போனது. ஒருவர் தன் வேலையில் இதையெல்லாம் விட்டுக்கொடுக்காமல் நிற்பதைப் பார்த்ததும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது.

முன்பக்கம் பெரிய புனல், பின்னால் குறுகலான குழாய் என்று நான் வரைந்திருந்த படத்தையும் அவர் ஏற்கவில்லை. பெரிய வாய் வைத்தால் காற்று பிதுங்கிக்கொண்டு அதிக அழுத்தத்தோடு வரும் என்று நிறைய பேர் நினைக்கிறோம். வராது. எஞ்சின் குடிக்கிற அளவுக்கு மேல் வாய்க்கு வந்த காற்று வெளியே வழிந்துபோகும். எவ்வளவு பெரிய புனல் வைத்தாலும் அந்த வேகத்துக்கு உண்டான அழுத்தத்துக்கு மேல் ஒரு துளி ஏறாது. சரியான வடிவம் இதற்கு நேர் எதிர்: வாய் அளவாக இருந்து, உள்ளே போகப் போக மெதுவாக விரிய வேண்டும். விரியும்போது காற்றின் வேகம் குறைந்து அழுத்தமாக மாறும். ஏ.சி. டக்டிலும் இதே விதிதான், திடீரென்று விரித்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து உள்ளேயே சுழலும். ஆசான் இந்தக் கணக்கு எதையும் சொல்லவில்லை. ரைஸ் மில் புளோயருக்கு முப்பது வருடமாகக் குழாய் அடித்த அனுபவத்தில், "வாயைச் சின்னதா வெச்சு, வயித்தைப் பெருசாக்குவோம்" என்றார். அவ்வளவுதான்.

அவர் செய்தது இப்படி. 24 கேஜ் ஜி.ஐ. தகடு. கிரில் பட்டைகளுக்குப் பின்னால் உட்காரும் வாய் 110-க்கு 30 மி.மீ. அங்கிருந்து 22 சென்டிமீட்டர் நீளத்தில் 75 மி.மீ. வட்டமாக விரிகிறது. கொக்கி மடிப்பு போட்டு ஈயம் வைத்த மூட்டு, ஒரு ரிவெட் கிடையாது. வாய் விளிம்பை அவர் சுருட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 4 மி.மீ. கம்பியை விளிம்போடு வைத்து, கொட்டாப்புளியால் நுனியிலிருந்து தட்டித் தட்டி, தகடு கம்பியைச் சுற்றிப் படியும் வரைக்கும் கொண்டுவந்தார். வாளி விளிம்பு செய்கிற அதே முறை. ஒவ்வொரு நாலு தட்டுக்கும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். எங்கேயாவது மேடு தட்டினால் திரும்ப அங்கே இரண்டு தட்டு. கூர்மையான விளிம்பில் மோதும் காற்று உடைந்து சுழலும், உருண்ட விளிம்பில் வழுக்கி உள்ளே போகும். அந்த ஒரு சாண் சொச்சம் விளிம்புக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

நான் யோசித்தே பார்க்காததை அவர் யோசித்திருந்தார். "இது மழை ஊரு தம்பி. நீ வாயைக் கொண்டுபோய் பம்பருக்குக் கீழ வெக்கச் சொன்னா, வண்டி தண்ணி குடிச்சுரும்" என்றார். 2018 ஆகஸ்டில் மலம்புழை அணை திறந்து பாலக்காட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்துபோன வண்டிகளை அவர் நேரில் பார்த்திருக்கிறார். காற்றைப் பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது, ஏதாவது ஒன்று வளைந்துதான் ஆக வேண்டும். எங்கள் பக்கம் சித்தூர்ப் புழையில் கொஞ்சம் தண்ணீர் வந்தாலே தரைப்பாலம் முங்கிவிடும். அதனால் வாயை பம்பர் பாரின் மேல் மட்டத்துக்கும் மேலே ஏற்றினார். நடுவில் ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்குத் தகரப் பெட்டி வைத்தார். காற்று அதற்குள் வந்து, மேல்பக்கமாகத் திரும்பித்தான் ஃபில்டருக்குப் போக வேண்டும். தண்ணீர் கனம், திரும்பாது. அடியில் 6 மி.மீ. துளை இரண்டு, அது வழியாகக் கீழே போய்விடும்.

மாட்டி முடித்ததும் அவரே ஒரு சோதனை செய்தார். எஞ்சினை அணைத்து, ஃபில்டர் பாக்ஸுக்குள் நியூஸ் பேப்பர் விரித்து மூடி, வாட்டர் சர்வீஸ் ஹோஸால் நேரே வாய்க்குள் ஐந்து நிமிடம் பீய்ச்சினார். துளைகளில் தாரை தாரையாக ஊற்றியது. பாக்ஸைத் திறந்தால் பேப்பரின் ஒரு மூலையில் மட்டும் நாலைந்து புள்ளி. அவருக்கு அந்த நாலைந்து புள்ளியும் பிடிக்கவில்லை. பெட்டியைக் கழற்றி, உள்ளே கூரைத் தாழ்வாரம் மாதிரி ஒரு விரற்கடை நாக்கு வைத்து ஈயம் பற்றவைத்து, மறுபடி மாட்டி மறுபடி அடித்தார். பேப்பர் காய்ந்திருந்தது. அதற்கப்புறம்தான் டீ சொன்னார்.

இன்னொன்றும் குறிப்பிட வேண்டும். அவர் செய்தது முழுக்க ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் பகுதி. ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைத் தொடவே இல்லை. அங்கே ஒரு ஊசி ஓட்டை விழுந்தாலும் வடிகட்டாத தூசி நேரே சிலிண்டருக்குப் போகும். பொள்ளாச்சி பக்கம் தென்னை நார்த்தூள் களங்களைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அந்தத் தூசி தெரியும்.

இனி, வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூபில் கொஞ்சம் சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைத் தகரப் பெட்டிக்குள் விட்டு, மறுமுனையை காருக்குள் வைத்தேன். ஏ.சி. ஃபேனை அணைத்து, கண்ணாடி ஏற்றி, என் மனைவி டியூபை ஸ்கேலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காற்றில்லாத காலை நேரம், 80 கிலோமீட்டர் வேகம்: டியூபின் ஒரு பக்கத் தண்ணீர் மட்டம் மறுபக்கத்தைவிட 20 மி.மீ. மேலே நின்றது, அதுதான் பெட்டிக்குள் கூடின அழுத்தம். கணக்குப்படி 30 கிடைக்க வேண்டும். கிரில் பட்டை கொஞ்சம் மறைக்கிறது, அது போக மூன்றில் இரண்டு பங்கு கிடைப்பது நல்ல வேலை என்றுதான் சொல்வேன்.

ஆடியில் இதையே திரும்பச் செய்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோவை நோக்கிப் போகும்போது காற்று முதுகில் தள்ளுகிறது, அதே 80-இல் 11 மி.மீ. தான். திரும்பி வரும்போது நெற்றியில் அடிக்கிறது: 34. "என்னங்க, தண்ணி மேல ஏறிட்டே போகுது" என்று அவள் டியூபைத் தூக்கிப் பிடித்தாள். ஒரே ரோடு, ஒரே வேகம், காற்று மட்டும் மாறி மூன்று மடங்கு. அந்த 34 மி.மீ. கூட வளிமண்டல அழுத்தத்தில் ஒரு சதவீதத்தின் மூன்றில் ஒரு பங்குதான் என்பது வேறு விஷயம்.

உண்மையான பலன் வெப்பத்தில். ஏப்ரலில் அதே 36 டிகிரி வெயில், அதே ரோடு: ஓடும்போது 52 இருந்தது இப்போது 39. சிக்னலில் 68 இருந்தது 48. ஓட்டத்தில் குறைந்த 13 டிகிரிக்குக் காற்றின் அடர்த்தி 4 சதவீதம் கூடுகிறது. கோன் ஃபில்டர் போட்டதிலிருந்து இருந்த அந்தச் சோம்பல் போய்விட்டது. போத்துண்டி தாண்டி நெல்லியாம்பதி ஏறும்போது இரண்டாம் கியரில் இழுவை நன்றாகத் தெரிகிறது. மைலேஜ் மாறவில்லை. முன்பும் 17, இப்போதும் 17.

குறைகளும் உண்டு. மூன்று நாளில் தருகிறேன் என்றவர் ஒன்பது நாள் எடுத்தார். பில் கிடையாது, வாரண்டி கிடையாது. முதல் வாரம் பெட்டியின் கிளாம்ப் ரேடியேட்டர் ஃபேன் கவரில் தட்டி, ஐடிலில் கடகடவென்று சத்தம். கொண்டுபோனேன், சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. 3,000 ஆர்.பி.எம். வாக்கில் ஒரு முனகல் மட்டும் இன்னும் இருக்கிறது. கம்பெனி மூக்கோடு ஒட்டி ஒரு வெற்று டப்பா வரும், சும்மா இருக்கிற பிளாஸ்டிக் என்று அதைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அது ரெசனேட்டர், இந்த முனகலை விழுங்குவதற்கென்றே வைத்தது. தகரத்தில் அதையும் செய்ய முடியுமா என்று ஆசானிடம் கேட்டிருக்கிறேன்.

தகடும் கூலியும் சேர்த்து 1,900. லாரி டர்போவுக்குப் போடுகிற 75 மி.மீ. சிலிகான் ஹோஸ் துண்டு 950, ஹோஸ் கிளிப், ரப்பர், பெயின்ட் எல்லாம் 350. மொத்தம் 3,200 ரூபாய்.

வண்டியில் எதையும் வெட்டவில்லை, துளை போடவில்லை. நாலு போல்ட்டைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். ஆர்.சி.யில் இருக்கும் விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளாவில் மோட்டார் வாகனத் துறை (எம்.வி.டி.) இந்த விஷயத்தில் கண்டிப்பு. எஞ்சின், எக்ஸாஸ்ட், பாடியைத் தொடுகிற வேலையெல்லாம் ஆசான் எடுப்பதுமில்லை.

கம்பெனி மூக்கு நல்லபடியாக இருக்கிறவர்கள் இதற்காக அங்கே போக வேண்டாம். உங்கள் வண்டி ஏற்கெனவே முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. போனாலும் அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். நான் உட்கார்ந்திருந்த அன்றே ஒரு போலோக்காரப் பையனை அப்படி அனுப்பினார். என்னைப் போல மூக்கைத் தொலைத்தவர்களும், பழைய வண்டிக்கு மூக்கு கிடைக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். காலை பத்து மணிக்கு முன் போங்கள், அதற்கப்புறம் கோழிப்பண்ணைக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் அளவெடுக்க ஒரு நாள் மிச்சம்.