பாப்பெரிங்கே டால்பட் ஹவுஸ்: பகலில் பார்த்துவிட்டு ஓடாதீர்கள், ஓர் இரவு தங்குங்கள்

பெல்ஜியத்தின் ஈப்பர் பகுதிக்கு முதல் உலகப் போர்க்களங்களைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் கல்லறைத் தோட்டங்களோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்கள் உயிரோடு இருந்த நாளில் எதைப் பிடித்துக்கொண்டு விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள் என்று தெரிய வேண்டுமானால், மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி பாப்பெரிங்கே ஊருக்குப் போக வேண்டும். கஸ்துயிஸ் தெருவில் உள்ள டால்பட் ஹவுஸ் இன்று அருங்காட்சியகமாகவும் தங்கும் விடுதியாகவும் நடக்கிறது. போர்க்காலத்தில் கிறிஸ்தவனாக இருப்பது என்றால் என்ன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் ஐரோப்பாவில் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

ஜெர்மானியர் கைக்குப் போகாமல் தப்பிய சின்னஞ்சிறு பெல்ஜியத் துண்டில் இருந்த ஊர் இது. ஈப்பர் முனைக்குப் போகும் பிரிட்டிஷ் படை இதன் வழியாகத்தான் போனது, திரும்பியவர்களும் இதன் வழியாகவே திரும்பினார்கள். சாராயக் கடைக்கும் விலைமாதர் வீட்டுக்கும் குறைவில்லை. அங்கே போகாதே என்று மட்டும் சொன்னால் சிப்பாய் வேறு எங்கே போவான்? ராணுவப் போதகர்கள் நெவில் டால்பட்டும் பிலிப் கிளேட்டனும் ஹாப்ஸ் (பீர் காய்ச்சப் பயன்படும் பூ) வியாபாரி ஒருவரின் வீட்டை மாதம் 150 பிராங்குக்கு வாடகைக்குப் பிடித்து, சிப்பாய்கள் இளைப்பாறும் விடுதியாக 1915 டிசம்பர் 11 அன்று திறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 30 அன்று ஹூகே அருகே கொல்லப்பட்ட நெவிலின் தம்பி கில்பர்ட்டின் பெயரே வீட்டுக்கு வந்தது. டால்பட் ஹவுஸின் ஆங்கில முதலெழுத்துகள் 'டி', 'எச்'. படையின் தந்திக்காரர்கள் 'டி' எழுத்தை 'டாக்' என்று சொல்வார்கள். அதனால் வீடு 'டாக் எச்' ஆயிற்று. கொச்சியில் அந்தப் பெயரில் பள்ளி இருப்பதை அறிந்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

வீட்டைக் கீழிருந்து மேலே, தளம் தளமாகப் பாருங்கள். அவசரக்காரர்கள் நேரே மாடிக்கு ஏறுவார்கள், அது தவறு. கிளேட்டனின் திட்டமே அந்தப் படிக்கட்டு வரிசையில்தான் இருக்கிறது. கீழே தேநீர், பியானோ, சிரிப்பு. வாசலைச் சுட்டும் கையோடு 'அவநம்பிக்கைக்காரர்களுக்கு வெளியேறும் வழி இது' என்ற பலகை. பின்னால் தோட்டம், போரை மறக்க வரச்சொல்லி அதற்கும் ஒரு பலகை. நூலகத்தில் புத்தகம் எடுக்க ரசீது கிடையாது, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். தொப்பியில்லாமல் சிப்பாய் அணிக்குத் திரும்ப முடியாது, அதனால் புத்தகம் திரும்பி வந்துவிடும். நண்பர்களைத் தேடுவோர் பெயரும் படைப்பிரிவும் எழுதி வைக்க ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. தேடப்பட்டவன் உயிரோடு இருக்கிறானா என்பதே பல சீட்டுகளின் கேள்வி.

கிளேட்டனின் அறைக் கதவுக்கு மேல், உள்ளே வருவோர் பதவியைக் கைவிடுக என்ற பொருளில் ஒரு வாசகம். இது வேடிக்கைக்கு எழுதியது அல்ல. அன்றைய பிரிட்டிஷ் படையில் அதிகாரியும் சிப்பாயும் ஒரே மேசையில் உட்காரும் வழக்கமே இல்லை. இங்கே தங்கிய அதிகாரிகளிடம் 5 பிராங்க் வாங்கி, அந்தப் பணத்தில் சிப்பாய்களைக் கவனித்தார்கள்.

எல்லாம் பார்த்த பிறகு கடைசி ஏணிப்படி. ஹாப்ஸ் உலர்த்திய பரண் அது. இயேசு சீடர்களோடு கடைசி விருந்து உண்ட அறையின் நினைவாக அதற்கு மேல்வீட்டறை என்று பெயர். தோட்டத்துக் கொட்டகையில் கிடைத்த தச்சர் வேலை மேசைதான் பலிபீடம், இன்றும் அதுதான். நாசரேத்துத் தச்சனை ஆராதிக்கிறவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஞாயிறு சர்ச் பரேடு படையில் கட்டாயம், கட்டளையிட்டால் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். இந்தப் பரணுக்கு யாரும் யாரையும் அனுப்பவில்லை. முன்னணிக்குப் போகும் முந்தின நாள் சிப்பாய் தானாக ஏறி வந்து முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்கினான். இங்கேதான் பலர் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றார்கள். திருவிருந்தில் பங்கேற்றவர்களின் பெயர்களைக் கிளேட்டன் குறித்து வைத்தார், போருக்குப் பின் டாக் எச் என்ற கிறிஸ்தவ நட்புறவு, சேவை இயக்கத்தைக் கட்ட அந்தப் பட்டியலே கைகொடுத்தது. பிழைத்தால் ஊழியத்துக்கு வருவேன் என்று வாக்குக் கொடுத்தவர்களுக்காக 1919-இல் இங்கிலாந்தின் நட்ஸ்ஃபோர்டில் பழைய சிறைச்சாலை ஒன்றில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

இனி குறைகள். மேல்வீட்டறைக்குப் போகும் படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் சிரமப்படுவார்கள். ஒரு கை காலியாக இருக்கட்டும், முதுகுப்பையைக் கீழேயே விட்டுவிடுங்கள். நடுப்பகலில் பள்ளிக் குழுக்களும் பேருந்துக் கூட்டமும் வந்தால் பரணில் நின்று ஜெபிக்க இடம் இருக்காது. காலையில் திறந்ததும் போவது நல்லது. அதைவிட நல்லது தங்குவது: கூட்டம் போன பிறகு வீடு தங்குபவர்களுடையது. அறைகள் எளியவை, ஹோட்டல் வசதியை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஒத்துவராது. தன்னார்வப் பொறுப்பாளர்கள் சமையலறையில் தேநீர் தந்து உட்காரவைத்துப் பேசுவார்கள். கேள்வி கேளுங்கள், அவர்களிடம் சரக்கு நிறைய இருக்கிறது. திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருப்பது வழக்கம், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை ஒன்று உண்டு. கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையோடு துப்பாக்கி பிடித்தவன் எப்படி வாழ்ந்தான் என்ற கேள்விக்கு இந்த வீடு நேரடியாகப் பதில் சொல்லாது. கிளேட்டன் படையின் ஊதியம் வாங்கிய போதகர், போரை எதிர்த்த தீர்க்கதரிசி அல்ல. அதனால் டால்பட் ஹவுஸை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பாதிதான் பார்த்ததாகும். சில நிமிட நடையில் நகர மண்டபம் இருக்கிறது. அங்கே பிரிட்டிஷ் படையே மரண தண்டனை விதித்த தன் சிப்பாய்களை அடைத்த சிற்றறைகளும், முற்றத்தில் அவர்களைக் கட்டிவைத்துச் சுட்ட கம்பமும் உண்டு. சுவரில் கீறிய எழுத்துகளை நெருங்கிப் பாருங்கள். விடியலில் சுடப்படவிருந்தவனோடு கடைசி இரவில் கூட இருப்பதும் படைப்போதகரின் வேலையாக இருந்தது. தேநீர் ஊற்றிய திருச்சபை இதையும் செய்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும்போதுதான் அந்தப் பரணின் கனம் தெரிகிறது. இந்த மண்டபத்தை விட்டுவிட்டு வரும் சுற்றுலாத் திட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரம் இருந்தால் ஊருக்குத் தென்மேற்கே லைசென்ட்ஹூக் ராணுவக் கல்லறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமார் 3 கிலோமீட்டர், சைக்கிளில் சுலபம். மருத்துவ முகாம்கள் இருந்த இடம், 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள். போரில் இறந்த செவிலியர் ஒருவரின் கல்லறையும் இங்கே உண்டு.

போகும் வழி: பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரம். பாப்பெரிங்கேதான் அந்தப் பாதையின் கடைசி நிலையம், அங்கிருந்து வீடு 10 நிமிட நடை. தங்குபவர்கள் மாலையில் ஈப்பர் போய், மேனின் வாயில் என்ற போர் நினைவு வளைவில் இரவு 8 மணிக்கு ஊதப்படும் எக்காளத்தைக் கேட்கலாம். அங்கே கல்லறையே கிடைக்காதவர்களின் பெயர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருக்கிறார்கள். திரும்பி வர ரயில் 10 நிமிடம்கூட ஆகாது, ஆனால் இரவில் ரயில்கள் குறைவு. எக்காளம் முடிந்து கூட்டம் கலைய நேரம் பிடிக்கும், ஆகவே எந்த ரயிலைப் பிடிப்பது என்பதை முன்பே தீர்மானித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள்.