வீடு மாறும்போது காசிமேட்டு தெர்மாகோல் பெட்டி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் மீன் அனுப்புவதற்கென்று விற்கப்படும் தடித்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியை, வீடு மாறும் குடும்பங்களுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூருக்கு நாங்கள் குடிபெயர்ந்தபோது, ஃப்ரீசரில் இருந்தவற்றை இந்தப் பெட்டியிலும் வெள்ளித்தாள் உறையிட்ட கைப்பையிலுமாகப் பிரித்து எடுத்துச் சென்றோம். பையில் வைத்த இறால் பிற்பகலிலேயே இளகிவிட்டது. பெட்டியில் இருந்த வஞ்சிரத் துண்டுகள் இரவு திறந்தபோதும் இறுகியே இருந்தன.

இவ்வளவு குறைந்த தூரத்துக்குப் பெட்டி எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இங்கே கணக்கிட வேண்டியது பயண நேரத்தை அன்று. பழைய வீட்டில் பிளக்கைப் பிடுங்கியதிலிருந்து, குட்டி யானையில் சாமான்களை ஏற்றி, கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையைக் கடந்து, புதிய வீட்டில் ஃபிரிட்ஜ் மறுபடி முழுமையாகக் குளிரும் வரையிலான மொத்த நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஃபிரிட்ஜைச் சாய்த்து ஏற்றியிருந்தால், கம்ப்ரசரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்புவதற்காகச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பின்னரே மின் இணைப்புக் கொடுக்க வேண்டும். அதன்பின் உள்ளே குளிர் ஏறுவதற்கும் பல மணி நேரம் பிடிக்கும். எங்களுக்கு வந்த ஏற்றுகூலி நிறுவனத்தின் ஊழியர்கள், எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கதவைக் கயிற்றால் கட்டிவிடலாம் என்று வற்புறுத்தினார்கள். அந்த யோசனையை யாரும் ஏற்கக் கூடாது. தட்டுகள் உடையும், எடை கூடும், கசியும் நீர் அடியில் தேங்கும்.

விரைவில் கெடும் உணவு 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் 2 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பதும், வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அந்த அவகாசம் 1 மணி நேரமாகக் குறைகிறது என்பதும் உணவுப் பாதுகாப்பில் நிலைபெற்ற விதிகள். சென்னையின் பெரும்பாலான பகல்களுக்குப் பொருந்துவது இரண்டாவது விதிதான். மீனில் இதை மிகவும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். சூரை, கானாங்கத்தை போன்றவை வெதுவெதுப்பில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகிறது. ஒருமுறை உருவான பின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது, மறுபடி உறைய வைத்தாலும் நீங்காது.

பெட்டியின் பலன் அடுக்கும் முறையில் இருக்கிறது. மீன் வியாபாரிகள் போடும் உடைத்த ஐஸ் 0 டிகிரியில் உருகுவது. அது புதிய மீனைக் கெடாமல் காக்கும், ஆனால் ஃப்ரீசரின் -18 டிகிரியில் இருந்த பொருளை உறைந்த நிலையிலேயே வைத்திருக்காது. அதற்கு, லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல்லுப்பு கரைத்து, விரிவதற்கு இடம் விட்டு பாட்டில்களில் நிரப்பி, முன்னதாகவே ஃப்ரீசரில் உறைய வைக்க வேண்டும். இந்த உப்பு ஐஸ் 0 டிகிரிக்குச் சுமார் 6 டிகிரியோ அதற்கும் அதிகமாகவோ கீழே உருகுவதால், பக்கத்தில் உள்ள பொட்டலங்களும் இறுக்கம் தளராமல் இருக்கின்றன. குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும் என்பதால் பாட்டில்களில் சிலவற்றையாவது மேலே வைக்க வேண்டும். இடைவெளிகளைச் செய்தித்தாளால் அடைத்து, மூடியைச் சுற்றி பழுப்பு டேப் ஒட்டி, போய்ச் சேரும் வரை திறக்காமல் இருக்க வேண்டும். குறைந்த பொருளைப் பெரிய பெட்டியில் போடுவதைவிடச் சிறிய பெட்டியை நிறைத்து அனுப்புவது நல்லது.

எல்லாவற்றையும் இதில் ஏற்ற வேண்டியதில்லை. ஆவின் பாலும் தயிரும் எந்தத் தெருவிலும் கிடைக்கும். முந்தைய நாளே தீர்த்துவிடலாம். இட்லி மாவைக் கொண்டுபோகவே வேண்டுமென்றால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. இன்சுலின் இருக்கும் வீடுகளில் அதை உப்பு ஐஸ் பக்கம் வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது, திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வரையே வேண்டும் என்பதால் அதற்குத் தனிப் பெட்டி அவசியம்.

பெட்டியில் குறைகளும் உண்டு. மூடி இயல்பாக இறுகப் பொருந்துவதில்லை, மூலைகள் எளிதில் உடைகின்றன, உதிரும் வெள்ளை மணிகள் உணவில் ஒட்டுகின்றன. ஆகவே ஒவ்வொன்றையும் மூடிய டப்பாவிலோ கெட்டியான உறையிலோ இட்டே உள்ளே வைக்க வேண்டும். பயன்படுத்திய பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். மீன்நீர் ஊறிய தெர்மாகோலை எவ்வளவு கழுவினாலும் வாடை போவதில்லை. புதிய வீட்டில் பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு பொட்டலத்தையும் அழுத்திப் பார்ப்பது நல்லது: உள்ளே ஐஸ் துகள் இருந்தால் மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாம், இளகியும் சில்லென்று இருந்தால் அன்றே சமைத்துவிடலாம், சில்லிப்பு நீங்கி எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாத மீனை, விலை எதுவானாலும், கொட்டிவிட வேண்டும்.