ரிமோட் மைக்: பேச்சு பழகும் குழந்தைக்கு வீட்டில் எவ்வளவு உதவும்?

காது மெஷினோ, உள்காதில் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட்டோ போட்டிருக்கும் குழந்தைக்கு அடுத்ததாக வாங்கச் சொல்லப்படுவது பெரும்பாலும் ரிமோட் மைக். பெரியவர் சட்டையில் மாட்டிக்கொண்டு பேசினால், வயர் இல்லாமல் குரல் நேரே குழந்தையின் மெஷினுக்குப் (இம்பிளான்ட்டையும் இனி மெஷின் என்றே சொல்கிறோம்) போகும். வகுப்பறையில் இதன் பயனைப் பற்றிச் சந்தேகமில்லை. இன்னும் நாலு சொல் கூடச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு, வீட்டில் இது வேண்டுமா? வேண்டும். ஆனால் நாளில் சில வேளைகளுக்கு மட்டும். மீதி நேரம் அது அணைந்திருப்பதுதான் நல்லது.

இந்தச் சாதனம் தீர்க்கும் பிரச்சினை தூரமும் இரைச்சலும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் குரல் 6 டெசிபெல் (ஒலியளவின் அலகு) இறங்கும். அரை மீட்டரில் பேசியதையே 4 மீட்டர் தள்ளி நின்று பேசினால் 18 டெசிபெல் போய்விடும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும். ஆனால் எதிரொலியாகத் தருவதால் தெளிவு வராது. மின்விசிறி, டிவி, குழாய்த் தண்ணீர் எல்லாம் இரைச்சலைக் குறைக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் குரலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது.

முதலில் தொலைவது சொல்லின் வால். தமிழுக்கு இது பெரிய இழப்பு. யார், எப்போது, எதற்கு, எங்கே என்பதெல்லாம் நம் மொழியில் அந்த வாலில்தான் இருக்கிறது: வந்தான், வந்தாள், வந்தாங்க, பெட்டியில, பெட்டிக்கு, பெட்டியோட. வீட்டுப் பேச்சில் ‘வந்தான்’ என்பதன் ‘ன்’ ஏற்கெனவே பாதி மூக்கோடு நின்றுவிடும். தூரமும் சேர்ந்தால் குழந்தைக்குக் கிடைப்பது ‘வந்...’ மட்டுமே. கேட்டதைத்தான் அது திருப்பிச் சொல்லும். மைக் வாயிலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி இருந்தால், பேசுபவர் தள்ளி நின்றாலும் அந்த வால் அறுபடாமல் போய்ச் சேரும்.

அதிகப் பலன் தருவது முகம் பார்க்க முடியாத வேளைகளில். தள்ளுவண்டியில் குழந்தை முன்னே பார்த்து உட்கார்ந்திருக்க, தள்ளுபவர் பின்னால் இருக்கிறார். காரில் குழந்தை பின்சீட்டில் இருக்கிறது. விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்தின் உச்சியில் நிற்கிறது. “நாய் ஓடுது பார், அங்கே ஓடுது” என்பதை அந்த நாய் கண்ணில் இருக்கும்போதே சொல்ல முடிவதுதான் ஆதாயம். பார்ப்பதும் கேட்பதும் ஒரே நொடியில் சேர்ந்தால்தான் சொல் பொருளோடு ஒட்டும். துணி காயப்போடும்போதும் அப்படித்தான்: நடந்தபடியே “அப்பா சட்டை நனைஞ்சிருக்கு, பிழி, உதறு, போடு” என்று செய்யச் செய்யச் சொல்லலாம்.

மடியில் வைத்துப் புத்தகம் பார்க்கும்போது மைக் வேண்டாம். குரல் மெஷினுக்கு ஏற்கெனவே அருகில் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. மைக் வழியாக வரும் குரலுக்குத் திசை கிடையாது. ஆள் இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் ஒரே மாதிரி கேட்கும். கூப்பிட்டவர் எங்கே என்று தேடித் திரும்பப் பழகும் வயதில், அந்தப் பயிற்சியை மெஷினின் சொந்த மைக்தான் தர முடியும். குளிக்கும்போது மெஷினையே கழற்றிவிடுவோம் என்பதால் அங்கே மைக் என்ற பேச்சுக்கே இடமில்லை. மிக்ஸி ஓடும்போது மைக்கை நம்புவதைவிட மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பேசுவது மேல்.

வீட்டில் அதிகம் நேரும் தவறு மியூட் பட்டனை மறப்பது. மைக்கோடு அடுத்த அறைக்குப் போய் போனில் பேசினால், அத்தனையும் குழந்தையின் காதுக்குள் கொட்டும். ஆள் இல்லை, பொருள் இல்லை, குரல் மட்டும் வருகிறது. இது தொடர்ந்தால் குரலைக் கண்டுகொள்ளாமல் இருக்கவே குழந்தை பழகிவிடும். அதனால் மியூட் பட்டன் தடவிப் பார்த்தே தெரியும்படி இல்லாத மாடலை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. அடுத்தது உரசல்: சங்கிலி, காலர், நீளமான தலைமுடி மைக்கில் படும்போதெல்லாம் பெரியவருக்குத் தெரியாத கரகரப்பு குழந்தைக்குக் கேட்கும். மார்பின் நடுவில், துணி மடிப்புக்கு வெளியே மாட்ட வேண்டும். ஒரு தோளோரம் மாட்டினால் தலையைத் திருப்பியதும் குரல் மங்கும்.

மைக் ஓடும்போது மெஷினின் சொந்த மைக்கும் திறந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது மூடியிருந்தால் குழந்தைக்குத் தன் மழலையே சரியாகக் கேட்காது. அக்கா, அண்ணன் பேச்சும் விழாது. தன் குரலைக் கேட்டுத் திருத்திக்கொள்வதுதான் பேச்சுப் பழக்கத்தில் பாதி. இரண்டும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதை ஆடியாலஜிஸ்ட் (கேட்புத்திறன் நிபுணர்) அமைத்துத் தருவார்.

சின்னக் குழந்தை “கேட்கவில்லை” என்று புகார் சொல்லாது. அதனால் தினமும் காலையில், பேச்சின் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை கேட்கிறதா என்று பார்க்கும் லிங் ஆறு ஒலிச் சோதனை செய்யுங்கள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். முதலில் மைக் இல்லாமல் மெஷினை மட்டும் சோதியுங்கள். பிறகு ஒருவர் குழந்தையோடு இருக்க, மற்றவர் மைக்கோடு தள்ளிப் போய்ச் சொல்லட்டும். வாயைக் காட்டக் கூடாது. வரிசையையும் இடைவெளியையும் மாற்ற வேண்டும். ஒரே தாளத்தில் சொன்னால் குழந்தை ஊகித்துவிடும். ஒலி கேட்டதும் கட்டையைப் பெட்டியில் போடும் விளையாட்டு, கற்றுத்தந்தால் சுமார் மூன்று வயதில் கைகூடும். அதற்கு முன் கண் அசைவு, சப்புவதை நிறுத்துவது, தலை திரும்புவது இவையே பதில். மைக் இல்லாமல் ‘ஸ்’ கேட்டு, மைக்கில் கேட்காவிட்டால் கோளாறு மைக்கிலோ இணைப்பிலோ இருக்கிறது. இரண்டிலும் கேட்காவிட்டால் மெஷினைப் பாருங்கள்.

மாடல்களில் இரண்டு வகை. ஃபோனாக் நிறுவனத்தின் ரோஜர் வகை, மைக் குரலை வாங்கும் ரிசீவர்கள் மூலம் வேறு நிறுவன மெஷின்களோடும் வேலை செய்யும்; சுற்றுச்சத்தம் ஏற ஏற மைக் குரலையும் உயர்த்திக்கொள்ளும். இரைச்சலில் இதுவே எங்கள் தேர்வு. காக்ளியர் நிறுவனத்தின் மினி மைக்ரோஃபோன் 2+ போன்றவை தனி ரிசீவர் கேட்காமல் தம் நிறுவனத்தின் ப்ராசஸர்களோடு (இம்பிளான்ட்டில் காதுக்கு வெளியே மாட்டும் பகுதி) நேரே இணையும். வீட்டுக்கு மட்டும் என்றால் போதும். வீடியோ எடுக்க விற்கும் சாதாரண புளூடூத் மைக் இதற்கு மாற்று அல்ல. மெஷினோடு இணைந்தாலும் குரல் தாமதமாக வந்து, மெஷினின் சொந்த மைக் குரலோடு மோதி எதிரொலிக்கும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மெஷின் போடும் பழக்கம் இன்னும் வராத குழந்தைக்கு இப்போது வாங்க வேண்டாம். முதலில் அந்தப் பழக்கம் வரட்டும். வாங்குவதானால், மெஷினின் மாடல் எண்ணைக் கொடுத்துப் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். சில வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவார்களா என்றும் கேளுங்கள். பிறகு, காது மெஷின் என்றால், ஆடியாலஜிஸ்டிடம் மெஷினின் வெளியீட்டை அளக்கும் சோதனைப் பெட்டியில் அளக்கச் சொல்லுங்கள். 65 டெசிபெல் ஒலியை மெஷினுக்கும் மைக்குக்கும் தனித்தனியே கொடுத்தால், வெளிவரும் அளவுகளின் வித்தியாசம் 2 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும்.